வெறுந்திரை

மாவட்டத் துடிப்புப் பதிவகத்தின் கீழ்த்தளத்தில், பழைய கோப்புகளுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி, ஒரு ஜெனிட்டா. இருபத்திரண்டு வருடமாக இந்த நான்கில் எதுவும் மாறவில்லை. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை பிரம்பு பின்னியிருந்தார்கள்.

அந்தக் கணினியில் படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, விட்டு விட்டு மின்னும் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். அதனால் அதற்கு வெறுந்திரை என்று பெயர். மேல்மாடியில் இருந்தவர்கள் வைத்திருந்தது 'முகம்'. ஊர் உலகமே வைத்திருந்தது அதைத்தான். முகத்துக்கு விசைப்பலகை தேவையில்லை. அதன் முன்னால் போய் உட்கார்ந்தால் போதும். உங்கள் கண் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்து, உங்களுக்கு வேண்டியதைத் தானே வரைந்து கொடுத்துவிடும். ஜெனிட்டாவுக்கு அது ஒத்துவரவில்லை. கேட்பதற்கு முன்பே இலையில் பரிமாறுகிற வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த அறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதயம் பழுதானவர்களுக்கு அரசாங்கம் தோளெலும்புக்குக் கீழே 'துடிப்பான்' என்ற சின்னக் கருவியைப் பொருத்திவிடுகிறது. கருவியைத் தூரத்திலிருந்தே நடத்துவது பதிவகம். ஆள் இறந்துவிட்டால் அன்றைக்கே கருவியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சிதையில் வெடிக்கும். முன்பெல்லாம் இதையும் முகத்தில்தான் செய்துவந்தார்கள். ஒருநாள் ஓர் அலுவலர், தன் பெரியப்பாவின் பெயர் இருந்த நோயாளிகள் பட்டியலைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அந்தப் பார்வையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது. ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள், பெரியப்பா உட்பட.

வழக்கு நடந்தது. ஒரு துடிப்பை நிறுத்தும் ஆணையைப் படமில்லாத, யோசனை சொல்லாத, கண்ணில்லாத ஒரு கணினியில், ஒரு மனிதர் தன் கையால் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 'நிச்சயமாகவா?' என்று கூட அந்தக் கணினி கேட்கக் கூடாதாம். முழுதாக அடித்தவர் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டார் என்பது நீதிபதிகளின் கருத்து. அன்றிலிருந்து மாவட்டத்துக்கு ஒரு வெறுந்திரை, ஒரு ஆள்.

வேலை எளிது. காலை ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து, முகம் அச்சடித்த ஒரு தாள் வரும். இரண்டாக மடித்திருக்கும் அந்தத் தாளின் இடது பாதியில் இறந்தவர்களின் எண்கள். வலது பாதி தலைமையகத்துக்கு, அதில் அவளுக்கு வேலையில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் 'நீக்கு' என்று அடித்து, எண்ணைச் சேர்த்து, நுழைவு விசையைத் தட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும், மதியம் சுடுகாடுகள் காத்திருக்கும்.

ஜெனிட்டா அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். நீக்குவதற்கு முன் 'காட்டு' என்று அடித்து அதே எண்ணைப் பார்ப்பாள். 'துடிப்பு: இல்லை' என்று திரை சொல்லும். பிறகு மேல் அம்பு விசையைத் தட்டினால் முன் அடித்த வரி அப்படியே திரும்பி வரும். 'காட்டு'வை அழித்து 'நீக்கு' என்று மாற்றித் தட்டிவிடுவாள். எண்ணை இரண்டாம் முறை அடிக்க வேண்டியதில்லை, தப்பு வர வழியில்லை. சட்டத்தில் இப்படி ஒன்றும் இல்லை. பெயர் தெரியாத ஆளானாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவதுதான் மரியாதை என்று அவள் நினைத்தாள். பத்துப் பன்னிரண்டு விசைகள். வருடக்கணக்கில் பழகியதில் அவள் கைக்கு அது ஒரே விசை மாதிரி ஆகியிருந்தது.

அந்தப் புதன்கிழமை தாளில் பதினான்கு எண்கள். எட்டு முடிந்தது. ஒன்பதாவது எண் 40718. காட்டு என்று அடித்தாள்.

துடிப்பு: 72.

ஜெனிட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எண்ணைத் தாளோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். மறுபடி அடித்தாள். துடிப்பு: 73. இருபத்திரண்டு வருடத்தில் அந்த இடத்தில் ஓர் எண்ணை அவள் பார்த்ததே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பிரிவு அலுவலர் அகரன் முகத்தின் முன்னால் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்துநாலு வயது, நல்ல பையன், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான். அவளுக்கு மேலதிகாரி என்பதை அவனே அடிக்கடி மறந்துவிடுவான்.

"என்னக்கா, படியேறி வந்திருக்கீங்க? ஃபோன் பண்ணிருக்கலாம்ல."

"சார், நாப்பதாயிரத்து எழுநூத்திப் பதினெட்டு உயிரோட இருக்கு."

அகரன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு திரையைப் பார்த்தான். அவன் பார்த்ததுமே முகம் ஒரு படத்தை வரைந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், நெற்றியில் பெரிய பொட்டு, படத்துக்குச் சந்தன மாலை, கீழே குத்துவிளக்கு. பேச்சிக்கனி, பனையடிப்பட்டி. அமைதியான பின்னணியில் லேசாக மணியோசைகூடக் கேட்டது.

"இந்தா, மாலையே போட்டாச்சுக்கா."

"மாலைய யாரு போட்டா? இதுதான போட்டுச்சு? கீழ வந்து பாருங்க."

அவன் இறங்கி வந்தான். அந்த அறைக்குள் அவன் வந்து ஒரு வருடம் இருக்கும். கறுப்புத் திரையின் முன்னால் குனிந்து நின்றவனுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. திரை தன்னைக் கவனிக்கும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தான். அது கவனிக்கவில்லை.

"இதுல எங்கக்கா பாக்கணும்?"

"கடைசி வரி. படிங்க."

"துடிப்பு, எழுவத்திமூணு." அகரன் நிமிர்ந்தான். "செத்த பிறகும் மிஷின் தன்னால ஓடிட்டு இருக்கும்ல?"

"ஓடினா 'கருவி ஓட்டம்'னு தனியா ஒரு வரி வரும் தம்பி. இது ரத்தம் ஓடுற கணக்கு." பதற்றத்தில் சார், தம்பியாகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. "உங்க முகம் எதுக்கு உசுரோட இருக்கிறவளுக்கு வெளக்கு ஏத்துது?"

அகரன் விளக்கினான். "போன வருசத்துல இருந்து முகம் நடந்தத மட்டும் காட்டுறதில்லக்கா. நடக்கப் போறது உறுதின்னா அதையும் சேத்தே காட்டிரும். பஸ்ஸுக்குப் பாக்கிறோம்ல, ஸ்டாப்புக்கு வந்துட்டுனு காட்டும். நம்ம நடந்து போய் நிக்கும்போது கரெக்டா வந்திரும். காட்டினப்ப வரலையேனு யாரும் கேக்கிறதில்ல, எல்லாருக்கும் வசதியாத்தான் இருக்கு."

"சாவு பஸ்ஸு இல்ல."

"தெரியும்க்கா. எங்கயாவது அந்த ஏற்பாடு இதுக்குள்ளயும் நுழைஞ்சிருக்குமோ என்னமோ." அவன் குரல் இறங்கியது. "மத்த மாவட்டத்துல எல்லாம் காட்டுனு அடிச்சுப் பாப்பாங்களா?"

"அதுக்கு விதி இல்லையே. தாளப் பாத்து நேரா நீக்குவாங்க."

ஜெனிட்டா மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு மாவட்டம், ஒரு வருடம். ஜெனரேட்டர் அறையிலிருந்து டீசல் வாடை வந்துகொண்டிருந்தது.

"உங்க பழக்கம் அங்க எல்லாருக்கும் தெரியும்க்கா," என்றான் அகரன். "இங்க அடிக்கிற ஒவ்வொரு விசையும் வாராவாரம் தலைமையகம் போகுது. எல்லா மாவட்டத்துலயும் ஒரு எண்ணுக்கு ஒரு வரி, உங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. ஏன்னு கேட்டு ஒரு கடிதாசிகூட வந்துச்சு. அது அவங்க பழக்கம், மாத்த முடியாதுனு நான்தான் எழுதிப் போட்டேன்."

"நான் அடிக்கிறத யாரு படிக்கா?"

"ஆளு யாரும் படிக்க மாட்டாங்க. முகம்தான்."

கண்ணில்லாத கணினி என்று தீர்ப்பில் எழுதியது ஜெனிட்டாவுக்கு மனப்பாடம். அதை அவள் இத்தனை நாள் முழுசாக நம்பியிருந்தாள். இப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, ஒரு மனுஷி உயிரோடு இருக்கிறாள். அகரனை மேலே போய்த் தலைமையகத்துக்கு ஃபோன் பண்ணச் சொன்னாள். அவன் வருவதற்குள் மீதி ஐந்து எண்களை முடித்தாள். காட்டு, இல்லை, மேல் அம்பு, நீக்கு. காட்டு, இல்லை, மேல் அம்பு, நீக்கு. ஐந்தும் உண்மையாகவே போனவர்கள். ஒவ்வொரு 'இல்லை'யைப் பார்க்கும்போதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு அகரன் ஓடி வந்தான். அவன் முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"பேசிட்டேன்க்கா. அங்கயும் முகம்தான் எடுத்துச்சு, ஆனா சட்டுனு புரிஞ்சுக்கிச்சு. இந்த ஒரு எண்ண நிறுத்தி வைக்கச் சொல்லிட்டு. அவங்கள நீங்களே ஃபோன்ல கூப்பிட்டுப் பேசி உறுதி பண்ணணுமாம். பேசும்போதே வெறுந்திரையில துடிப்பப் பாத்துக்கிட்டே இருந்தா நல்லதுன்னுச்சு. குரலும் துடிப்பும் ஒண்ணா இருந்தா அவங்களே பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்களாம்."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெனிட்டாவுக்கே தோன்றியிருக்க வேண்டிய யோசனைதான். அகரன் ஃபோன் எண்ணைச் சொல்ல, அவள் ஃபோனைப் போட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கைகள் விசைப்பலகைக்குப் போயின.

நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரு பெரிய இரைச்சல்.

"யாரு பேசுதது? சத்தமாப் பேசும்மா, மாவு மில்லுல நிக்கேன்."

ஜெனிட்டா அடித்தாள். காட்டு 40718. துடிப்பு: 74.

"பேச்சிக்கனி அம்மாங்களா? நான் துடிப்புப் பதிவகத்துல இருந்து பேசுறேன். உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தாம் இருக்கேன். ஏன், மிஷினு ஏதும் கோளாறுங்கியா?"

"இல்லம்மா, சும்மா விசாரிக்கத்தான். தலை சுத்தல், மயக்கம் ஏதாவது?"

"மயக்கம் வாரதுக்கு எங்க நேரம் இருக்கு? மத்தியானம் தங்கச்சி மவளுக்கு வளகாப்பு. அதிரசத்துக்கு அரிசி இடிக்க ஆளில்லனு மில்லுக்கு வந்தேன். இந்த மில்லுக்காரன் பாரு, எனக்கு முன்னால மொளகாய அரச்சிருக்கான். அதே மிஷின்ல எம் பச்சரிசியப் போட்டா அதிரசமா வரும்? சொல்லு பாப்போம்."

மேல் அம்பு, நுழைவு. துடிப்பு: 79. கோபத்தில் ஏறியிருக்கிறது. ஜெனிட்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு துடிப்பு ஏறி இறங்குவதை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இத்தனை வருடம் இந்தத் திரையில் இறந்தவர்களை மட்டுமே அவளுக்குத் தெரியும். அதில் முதல் முறையாக ஒருத்தி அரிசி மாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அகரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவனும் பெருமூச்சு விட்டான்.

"கழுவிட்டு அரைக்கச் சொல்லுங்கம்மா," என்றாள்.

"சொல்லாம விடுவனா? ரெண்டு மட்டம் கழுவ வச்சிட்டம்லா. இப்பம் எங்கிட்டப் பேசாம மொறச்சிக்கிட்டு நிக்கான்." பேச்சிக்கனி சிரித்தாள். மேல் அம்பு, நுழைவு. துடிப்பு: 81.

"நீங்க சிரிக்கிறது இங்க தெரியுதும்மா. உங்க துடிப்பு இங்க என் கண்ணு முன்னால ஓடுது."

"அடியாத்தே. அப்படியா தெரியும்?" அந்த அம்மாளுக்கு வியப்புத் தாங்கவில்லை. மில்லுக்காரனிடமும் அதைச் சொன்னாள். "சர்க்காரு ஆபீசுல யாரோ ஒரு பொண்ணு, நம்ம நெஞ்சு துடிக்கத உக்காந்து பாக்காளாம். யாரும்மா நீ, ஒம் பேரென்ன?"

இருபத்திரண்டு வருடத்தில் ஜெனிட்டாவிடம், அவள் திரையில் வந்தவர் யாரும் பேர் கேட்டதில்லை. மனம் முழுதும் அந்தக் கேள்விக்குப் போனது.

"ஜெனிட்டா," என்றாள்.

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைகள் அவற்றின் வேலையைப் பார்த்தன. மேல் அம்பு. வரியின் தொடக்கம். அழி. எழுது. நுழைவு. காட்டுக்குப் பின் எப்போதும் வருவது எதுவோ அது வந்தது, பதற்றமில்லாமல், ஒரே மூச்சில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.

நீக்கு 40718. நீக்கப்பட்டது.

வெறுந்திரை ஒன்றும் கேட்கவில்லை. சிறு கோடு அடுத்த வரிக்குப் போய் மின்னியது.

"ஜெனிட்டாவா? வேதக்காரப் பேரு. நல்ல பேரு. எங்க தெருவிலயும் ஒரு..."

அதற்குமேல் குரல் இல்லை. மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ தகரப் பாத்திரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது. ஜெனிட்டா, "அம்மா, அம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். பிறகு ஓர் ஆண் குரல் பதறியது: "அலோ, யாரு? அக்கா விழுந்துட்டாவ. மூச்சுப் பேச்சு இல்ல. என்ன செஞ்சீங்க, அக்காட்ட என்ன சொன்னீங்க?"

"நெஞ்ச அமுக்குங்க. ரெண்டு கையாலயும் அமுக்குங்க, விடாதீங்க," என்று அலறினாள். அகரன் தன் ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். பனையடிப்பட்டிக்கு ஆம்புலன்ஸ் போக இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். நீக்கிய துடிப்பானை இங்கிருந்து எழுப்ப வழியில்லை. வெளியாள் யாரும் விளையாடிவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்திருந்தார்கள். இருந்தாலும் ஜெனிட்டா தெரிந்த ஆணைகளை எல்லாம் அடித்துப் பார்த்தாள். சேர். திருப்பு. எழுப்பு. ஒவ்வொன்றுக்கும் திரை ஒரே பதிலைத்தான் சொன்னது: பதிவு இல்லை.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மில்லுக்காரர் ஃபோனில் அழுதார். ஜெனிட்டா அதை முழுக்கக் கேட்டாள். அவர் வைக்கிற வரை அவள் வைக்கவில்லை.

பிறகு அவள் நாற்காலியை விசைப்பலகையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கொன்றேன் என்று நினைத்தாள். வேறு எப்படியும் அதை நினைக்க முடியவில்லை. தாளைப் பார்த்து ஒன்பதாவது எண்ணை மற்றவர்களைப் போல நேராக நீக்கியிருந்தால்கூட இது தெரியாமலே போயிருக்கும். பேசி, சிரிக்க வைத்து, பேர் சொல்லி, பிறகு கொன்றிருக்கிறாள்.

அகரன் மாடிக்குப் போய்விட்டு வந்தான். எதைச் சொல்வது என்று தெரியாமல், சொல்லக் கூடியதைச் சொன்னான்.

"தலைமையகத்துல ஒண்ணும் கேக்கலக்கா. அங்க எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுது. காலையில இருந்தே இறந்தவங்கனுதான பதிவாகிருக்கு, அதனால விசாரணை அது இதுனு எதுவும் வராது. நீங்க வேணும்னு செய்யலனு எனக்குத் தெரியும்." அவன் மேசையிலிருந்து தாளை எடுத்தான். "நீங்க இதத் தொட வேண்டாம். நானே நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு அனுப்பிடுறேன்."

தாளின் மடிப்பை விரித்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வலது பாதியில் ஒன்பதாவது வரிசையைத் தேடினான். பேனா நின்றது.

"நான் எழுத வேண்டியதில்ல போல," என்றான் அகரன். "அச்சுலயே இருக்கு."

"என்ன இருக்கு?"

"இறப்பு நேரம். எல்லாருக்கும் போட்டிருக்கு. மூணு இருவது, அஞ்சு அஞ்சு, நேத்து ராத்திரி பத்தேகால்... இவங்களுக்கு பதினொண்ணு நாப்பத்திரெண்டு."

ஜெனிட்டா எழுந்து வந்தாள். வெறுந்திரையில் கடைசி ஆணைகள் இன்னும் அழியாமல் நின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடித்த நேரம் சின்னதாக விழுந்திருக்கும். நீக்கு 40718 என்ற வரியின் ஓரத்தில் 11:42. அதை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அகரனுக்கு இந்த முறை திரையில் எங்கே பார்ப்பது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்தத் தாள் எத்தனை மணிக்கு அச்சாச்சு?" என்று கேட்டாள்.

அவன் தாளின் மூலையைப் பார்த்தான். எட்டு ஐம்பது என்று இருந்தது. அதைச் சத்தமாகப் படிக்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். தலைமையகத்தின் யோசனையைப் படியிறங்கி ஓடிவந்து அவளிடம் சொன்னது யார் என்பது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அகரன் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் கைகளைப் பார்த்தான்.